ஊரில் வெயில், உச்சியில் பனி: மலை வானிலையைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் டாஸ்க் பாரின் இடது மூலையைக் கவனித்திருப்பீர்கள். விண்டோஸ் 11-இல் அங்கே ஒரு சிறிய சூரியனோ மேகமோ இருக்கும். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது உங்கள் ஊரின் அப்போதைய வெப்பநிலை. அதில் கிளிக் செய்து, வேறு ஊரின் பெயரையும் கொடுத்து வைக்கலாம். மதுரையில் இருக்கும் என் அம்மா கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் கற்றுக் கொண்டது இதைத்தான். நான் அப்போது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரில், ஒரு சாப்ட்வேர் வேலையில் இருந்தேன்.

2023 மார்ச் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு போனில் பேசிக் கொண்டிருந்தோம். மறுநாள் நண்பர்களுடன் போர்ட் வில்லியம் என்ற ஊருக்குப் போய் மலை ஏறப் போவதாகச் சொன்னேன். அம்மா உடனே அந்த ஊரின் பெயரை டைப் செய்து பார்த்துவிட்டார். "நல்ல வெயில்னு போட்டிருக்கேப்பா. ஏழு டிகிரின்னு காட்டுது, ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்கோ" என்றார். நானும் என் லேப்டாப்பில் அதே சூரியனைத்தான் பார்த்திருந்தேன்.

மறுநாள் போர்ட் வில்லியத்தில் வெயில் அடித்தது. ஏழு டிகிரிதான் இருந்தது. கீழே புல்லும் சேறுமாகத்தான் பாதை. பாதி வழியில் ஒரு சிறிய ஏரி இருக்கிறது. அதைத் தாண்டியதும் பனி தொடங்கியது. முதலில் காலில் மிதிபட்டு நொறுங்கும் பனி. இன்னும் கொஞ்சம் மேலே, இரவில் உறைந்து சிமெண்ட் தரை போல் இறுகிய பனி. நாங்கள் மூவரும் போட்டிருந்தது சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூ. ஒரு வளைவில் ஆபீஸ் நண்பர் ஒருவர் கால் வழுக்கி, சரிவில் பத்துப் பதினைந்து அடி போய், ஒரு பாறையில் கால் முட்டி நின்றார். உள்ளங்கை கிழிந்ததோடு போயிற்று. அந்தப் பாறை அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். மேலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் எங்கள் ஷூவைப் பார்த்தார். கையில் பனிக் கோடரி இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் திரும்பிவிட்டோம்.

பிள்ளைகள் பிரிட்டனில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள் என்ற நிலை இன்று பல வீடுகளில் உண்டு. குளிர் குறைந்து வெயில் தலைகாட்டும் மார்ச் மாதத்தில் அங்கே எல்லோருக்கும் மலைக்குப் போகும் ஆசை வந்துவிடும். எனவே நாங்கள் அன்று பார்க்கத் தவறியதை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படிப் பார்ப்பது என்று இங்கு காணலாம்.

மூலையில் இருக்கும் சூரியன் யாருடையது?

போர்ட் வில்லியம் கடல் மட்டத்தை ஒட்டி இருக்கும் ஊர். அதன் அருகில் நிற்கும் பென் நெவிஸ் பிரிட்டனிலேயே உயரமான மலை, 1345 மீட்டர். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த உயரம் சிறிதாகத் தோன்றும். கொடைக்கானலே இதைவிட உயரத்தில் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். ஆனால் அந்த மலை பூமத்திய ரேகையிலிருந்து வெகு தூரம் வடக்கே, அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் புயல்களின் வழியில் நிற்கிறது. ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அதன் உச்சியின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும்.

டாஸ்க் பார் சூரியன் காட்டுவது ஊரின் வானிலை. காற்று மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைந்து விரிகிறது; விரியும்போது குளிர்கிறது. ஈரமில்லாத காற்று என்றால் 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குறையும். மேகம் சூழ்ந்த ஈரக் காற்று என்றால் 5 டிகிரி அளவுக்குக் குறையும். கணக்கிற்கு 6.5 டிகிரி என்று சராசரியாக எடுத்துக் கொள்வது வழக்கம்.

காற்றின் வேகமோ மேலே போகப் போகக் கூடுகிறது. ஊரில் மரக்கிளை லேசாக ஆடும் நாளில், உச்சியில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் காற்று அடிக்கலாம். மார்ச் என்றால் காற்று அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் இதுவரை பதிவான மிக வேகமான காற்று வீச்சு மணிக்கு 173 மைல், அதாவது 278 கி.மீ. அது பதிவானது 1986-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி, 1245 மீட்டர் உயரமுள்ள கெயர்ன்கார்ம் மலை உச்சியில். அங்கே ஹெரியட் வாட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை வைத்திருக்கும் தானியங்கி வானிலை நிலையம்தான் அதைப் பதிவு செய்தது. கருவி வெளியிலேயே நின்றால் பனி படிந்து உறைந்துவிடும் என்பதால், அதைச் சூடேற்றப்பட்ட ஓர் உருளைக்குள் வைத்திருக்கிறார்கள். அரை மணிக்கு ஒரு முறை வெளியே வந்து, அளந்துவிட்டு, மீண்டும் உள்ளே போய்விடும். இன்ஜினியரிங் படித்தவனுக்கு இதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

எக்ஸெலில் ஒரு மலை

ஊர் வெப்பநிலையை வைத்து உச்சி எப்படி இருக்கும் என்று நாமே ஓரளவு கணக்கிடலாம். எக்ஸெல் இருந்தால் திறந்து கொள்ளுங்கள். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். பார்முலா எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

கீழே செல்களின் பெயர்களை ஏ, பி எனத் தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்திடுகையில் ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும். ஏ வரிசையில் விளக்கங்களையும் பி வரிசையில் எண்களையும் அமைப்போம். பி1-இல் ஊரின் வெப்பநிலை 7 என அமைத்திடவும். பி2-இல் ஊரின் உயரம் 10. பி3-இல் மலையின் உயரம் 1345. இப்போது பி4-இல் கீழ்க்காணும் பார்முலாவை டைப் செய்து என்டர் தட்டவும்.

=பி1-(பி3-பி2)*0.0065

மைனஸ் 1.7 என்று விடை கிடைக்கும். இது காற்றின் வெப்பநிலை மட்டுமே. காற்று அடித்தால் உடம்புக்கு எப்படி இருக்கும்? அதற்கும் ஒரு பார்முலா உண்டு. அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது அது. பி5-இல் காற்றின் வேகத்தை மணிக்கு எத்தனை கி.மீ. என்று கொடுக்க வேண்டும். பிரிட்டனின் மலை வானிலை அறிக்கைகளில் காற்றை மைலில் தருவார்கள் என்பதால் 1.6-ஆல் பெருக்கிக் கொள்ளுங்கள். மணிக்கு 40 மைல் என்றால் 64. அடுத்து பி6-இல் இதனை அமைத்திடவும்.

=13.12+0.6215*பி4-11.37*பி5^0.16+0.3965*பி4*பி5^0.16

இடையில் வரும் கூரை போன்ற அடையாளத்திற்கு ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு 6 தட்ட வேண்டும். அது அடுக்கினைக் குறிக்கும். விடை மைனஸ் 11.3. ஊரில் ஏழு டிகிரியும் வெயிலும். அதே நேரத்தில் உச்சியில் நிற்பவரின் முகத்திற்கு மைனஸ் பதினொன்று. அம்மா சொன்ன ஸ்வெட்டர் எந்த மூலைக்கு? (இந்தப் பார்முலா 10 டிகிரிக்குக் கீழேயும், காற்று மணிக்கு 5 கி.மீ.க்கு மேலேயும் இருந்தால்தான் பொருந்தும். மே மாத மதுரைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.)

இன்னும் ஒரு செல். பி7-இல் =பி1/0.0065+பி2 என்று கொடுத்தால், எந்த உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுகிறது என்று தெரியும். நம் எடுத்துக்காட்டில் 1087 மீட்டர். அதாவது உச்சிக்குக் கீழே சுமார் 260 மீட்டர் அளவுக்கு எல்லாம் உறைநிலையில் இருக்கிறது. மலை வானிலை அறிக்கைகளில் உறைநிலை உயரம் என்று தனியாகவே ஓர் எண் தருவார்கள். வசந்த காலத் தொடக்கத்தில் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இந்தக் கணக்கு தப்பும் நாட்களும் உண்டு. காற்றே இல்லாத தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். காலையில் ஊர் மூடுபனியில் உறைந்து கிடக்க, மலை மேலே வெயில் இதமாக இருக்கும். எக்ஸெலுக்கு இது தெரியாது. ஆகவே நம் தாளை ஒரு மதிப்பீடு என்று மட்டும் கொள்ளுங்கள். மலை ஏற முடிவு செய்ய, மலைக்கென்றே தயாரிக்கப்படும் அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

மலைக்கென்று தனி அறிக்கை

மவுன்டன் வெதர் இன்பர்மேஷன் சர்வீஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் கூகுளில் டைப் செய்து தேடுங்கள். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் மலைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனி அறிக்கை தருகிறார்கள். கட்டணம் இல்லை. பி.டி.எப். பைலாகவும் டவுன்லோட் செய்து பிரிண்ட் எடுக்கலாம். பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக் கொள்வது நல்லது. குளிரில் மொபைல் பேட்டரி வேகமாக இறங்கிவிடும்.

அந்த அறிக்கை எழுதப்படும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. காற்றின் வேகத்தைச் சொல்லிவிட்டு, அந்தக் காற்று உங்களை என்ன செய்யும் என்று தனியாக ஒரு வரி எழுதுவார்கள். நடப்பது சிரமமாக இருக்குமா, சமநிலை தவறி விழ வாய்ப்பு உண்டா என்று அதிலிருந்து தெரிந்து கொள்ளலாம். மேகம் எந்த உயரம் வரை இறங்கி இருக்கும், உச்சி மேகமின்றித் தெரிய எத்தனை சதவீத வாய்ப்பு, 900 மீட்டரில் எவ்வளவு குளிர், உறைநிலை உயரம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வரும். ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளை மன்ரோ என்று அழைக்கிறார்கள். மொத்தம் 282 உள்ளன. 900 மீட்டர் என்று அறிக்கை எடுத்துக் கொள்வது இந்த மலைகளை மனதில் வைத்துத்தான். பிரிட்டனின் அரசு வானிலைத் துறையான மெட் ஆபீசும் தன் தளத்தில் மலைகளுக்குத் தனிப் பிரிவு வைத்துள்ளது. இரண்டையும் பார்த்து, இரண்டும் ஒத்துப் போகிறதா எனப் பார்ப்பது என் வழக்கம். ஒத்துப் போகாவிட்டால் மோசமானதை நம்புவேன்.

புதியவர்கள் செய்யும் ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். பிரவுசரில் ஒரு டேபைத் திறந்து, அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதையே பார்ப்பார்கள். அது நேற்றைய அறிக்கையாக இருக்கலாம். எப்5 கீயைத் தட்டி ரெப்ரெஷ் செய்த பிறகு, பக்கத்தின் மேலே இருக்கும் தேதியைப் படித்துப் பாருங்கள். பனிச்சறுக்கு மையங்களின் வெப் காமிராக்களுக்கும் இது பொருந்தும். காமிரா பனியில் உறைந்து நின்று போய், பல மணி நேரத்திற்கு முந்தைய படத்தையே காட்டிக் கொண்டிருக்கலாம். படத்தின் ஓரத்தில் நேரம் போட்டிருக்கும், அதைப் பார்க்கவும்.

காலடியில் என்ன இருக்கிறது?

வானிலை அறிக்கை நாளைய காற்றையும் மழையையும் சொல்லும். காலடியில் கிடக்கும் பனி, கடந்த மூன்று மாதத்தில் பெய்து சேர்ந்தது. வானம் நீலமாக இருப்பதால் அது மறைந்துவிடாது. நாங்கள் ஏமாந்தது இங்கேதான். ஊரில் குளிர்காலம் முடிந்து பூக்கள் தலைகாட்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் ஸ்காட்லாந்தின் உயரமான மலைகளில் பனி பல ஆண்டுகளில் அதிகபட்ச ஆழத்தில் இருக்கும்.

வசந்தத் தொடக்கத்தில் இந்தப் பனி ஒரே நாளில் பல வேடம் போடும். பகல் வெயிலில் மேல்பரப்பு உருகுகிறது. தெளிந்த இரவில் மீண்டும் உறைகிறது. காற்றின் வெப்பநிலை பூஜ்யத்திற்குச் சற்று மேலே இருந்தாலும், மேகமில்லாத இரவில் பனியின் மேல்பரப்பு தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்து உறைந்துவிடும். இப்படி நாள்தோறும் உருகி உறைந்து இறுகிய பனியில் ஷூவின் நுனிகூட இறங்காது. சரிவில் ஒரு முறை வழுக்கினால் வேகம் எடுத்துக் கொண்டே போகும். இதற்குத்தான் ஷூவின் அடியில் மாட்டும் கிராம்பான் என்ற இரும்பு முட்களும், விழுந்தால் பனியில் குத்தி நிறுத்தும் பனிக் கோடரியும் தேவை. வாங்கி வைத்தால் மட்டும் போதாது. பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும். அதே சரிவு மதியத்திற்கு மேல் கூழாகி, முழங்கால் வரை கால் புதையும்.

எந்தப் பக்கச் சரிவு என்பதும் முக்கியம். தெற்குப் பார்த்த சரிவில் வெயில் பட்டுப் புல் தெரியும். மேலே போய் ஒரு திருப்பத்தில் வடக்குப் பக்கம் வந்தால் கண்ணாடி போல் பனிக்கட்டி இருக்கும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசுவதால், அது பனியை அள்ளிக் கொண்டு போய் வடக்கு, கிழக்குச் சரிவுகளில் கொட்டுகிறது. மலை முகட்டின் ஓரத்தில் அது கூரை விளிம்பு போல வெளியே நீட்டிக் கொண்டு வளரும். கார்னிஸ் என்று இதற்குப் பெயர். மேலே நிற்பவருக்குத் தரை போலவே தெரியும். கீழே ஒன்றும் இருக்காது. வெயிலும் மழையும் கூடும் வசந்தத்தில் இவை உடைந்து விழும்.

கீழ்ப் பகுதியும் சும்மா இருப்பதில்லை. உருகிய பனி எல்லாம் ஓடைகளில் வந்து சேர்கிறது. காலையில் கல்லில் கால் வைத்துத் தாண்டிய ஓடை, மாலையில் திரும்பும்போது இடுப்பளவு ஓடலாம். ஓடையின் மேல் பனி பாலம் போல் மூடியிருக்கும் இடங்களில், அடியில் நீர் அரித்து அதை மெலிதாக்கியிருக்கும். ஈரம் ஊறிய கரி மண்ணில் கால் சிக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் ஷூ ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் என்ன வழி? ஸ்காட்டிஷ் அவலாஞ்ச் இன்பர்மேஷன் சர்வீஸ் என்று தேடவும். டிசம்பர் மத்தியிலிருந்து ஏப்ரல் மத்தி வரை, ஆறு மலைப் பகுதிகளுக்குத் தினமும் பனிச்சரிவு அபாயம் எவ்வளவு என்று இங்கு வெளியிடுகிறார்கள். பென் நெவிஸ் இதில் லோகாபர் பகுதியில் வரும். இதற்காகப் பயிற்சி பெற்றவர்கள் மலைக்கு நேரில் சென்று, பனியில் குழி வெட்டி, அடுக்கடுக்காகப் பார்த்து, மறுநாளுக்கான மதிப்பீட்டை எழுதுகிறார்கள். தளத்தில் வட்டமாக ஒரு வரைபடம் இருக்கும். கடிகாரம் போலத் திசைகள். எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்தில் அபாயம் எவ்வளவு என்று வண்ணங்களில் காட்டும். மேலே சொன்ன வடக்கு, கிழக்குச் சரிவு விஷயம் இந்தப் படத்தைப் பார்த்தால் உடனே புரியும். ஏப்ரல் மத்தியில் அறிக்கை நின்றுவிடும். பனி நிற்காது. அறிக்கை இல்லை என்றால் அபாயம் இல்லை என்று படிக்கக் கூடாது.

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. வெதர்லைன் என்ற தளம் அது. இதற்காக நியமிக்கப்பட்டவர்கள், குளிர்காலம் முழுக்க, நாள் தவறாமல் 950 மீட்டர் உயர ஹெல்வெலின் மலையில் ஏறுகிறார்கள். உச்சியில் நின்று வெப்பநிலையும் காற்றின் வேகமும் அளந்து, பாதையில் எங்கே பனி, எங்கே பனிக்கட்டி, கிராம்பான் தேவையா என்றெல்லாம் எழுதி, போட்டோவுடன் அன்றே போடுகிறார்கள். மாடல், சாட்டிலைட் எல்லாவற்றையும்விட, இன்று காலை அங்கே நடந்துவிட்டு வந்த ஒருவர் எழுதும் நான்கு வரி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பென் நெவிஸிலும் முன்பு இப்படி மனிதர்கள் இருந்தார்கள். 1883 முதல் 1904 வரை உச்சியிலேயே ஒரு வானிலை ஆய்வு நிலையம் இயங்கியது. குளிர்காலத்திலும் அங்கேயே தங்கி, மணிக்கு ஒரு முறை இரவும் பகலும் அளவெடுத்தார்கள். 1894-இல் சில வாரம் அங்கே பணிபுரிந்த சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர், மலை மேகங்களில் கண்ட ஒளிக் காட்சிகளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க முயன்றார். அந்த முயற்சியே பின்னர் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையாக வளர்ந்து, 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நிலையத்தின் கையெழுத்துப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை 2017-இல் ரெடிங் பல்கலைக்கழகம் இன்டர்நெட் வழியே தொடங்கியது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே எண்களைப் படித்து டைப் செய்து கொடுத்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்யக் கூடிய நல்ல வேலைகளில் இதுவும் ஒன்று.

மேப்பை நம்பலாமா?

கூகுள் எர்த் புரோகிராமில் மலையைச் சுற்றிப் பார்ப்பது நல்ல அனுபவம். மவுசை நகர்த்தினால் அந்த இடத்தின் உயரம் திரையின் கீழே தெரியும்; நம் எக்ஸெல் தாளுக்கு உதவும். ஆனால் அந்தப் படம் எப்போதோ எடுத்தது. பெரும்பாலும் மேகமில்லாத கோடை நாளில். மார்ச்சில் பனி மூடிக் கிடக்கும் பாதை, அதில் பழுப்புக் கோடாக அழகாகத் தெரியும்.

வழி கேட்பதிலும் கவனம் தேவை. 2021 ஜூலையில், ஸ்காட்லாந்தின் மலையேறுவோர் அமைப்பும் பென் நெவிஸின் உச்சிப் பகுதியைப் பராமரிக்கும் ஜான் மியூர் டிரஸ்டும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. கூகுள் மேப்ஸ் பென் நெவிஸுக்கு வழி கேட்டவர்களை உச்சிக்கு நேர்க்கோட்டில் அருகில் இருக்கும் கார் நிறுத்தத்தில் கொண்டு போய் விட்டது. அங்கிருந்து மேலே புள்ளிக் கோடு போட்டும் காட்டியது. அந்தக் கோட்டில் செங்குத்தான பாறைச் சரிவுகள் இருக்கின்றன. பின்னர் கூகுள் அதை மாற்றி, வழக்கமான பாதை தொடங்கும் இடத்தின் பார்வையாளர் மையத்திற்கு வழி காட்டியது. புரோகிராம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மிகக் குறைந்த தூரம் என்ன என்று கேட்டால் கம்ப்யூட்டர் அதற்குத்தான் பதில் சொல்லும்.

பாதைக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே மேப் வாங்குங்கள். மேகம் இறங்கி, தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டால் பென் நெவிஸ் உச்சியில் எந்தப் பக்கம் இறங்குவது என்றே தெரியாது. இரண்டு பக்கமும் பள்ளங்கள். உச்சிக் கல்லிலிருந்து 231 டிகிரி திசையில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி என்று அங்கே ஏறுகிறவர்கள் எழுதி வைத்துக் கொள்கிறார்கள். மேப்பின் கட்டங்களை வைத்துச் சொல்லப்படும் திசை இது. காந்த ஊசிக்கு அன்றைய ஆண்டின் திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். திசைகாட்டி பார்க்கத் தெரியாதவர்கள் இந்த எண்களை நம்பி மேலே போக வேண்டாம்.

நேரத்தையும் நம் எக்ஸெல் தாளிலேயே பார்த்துவிடலாம். 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு: ஐந்து கி.மீ. தூரத்திற்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. பி8-இல் தூரம் 17, பி9-இல் ஏற்றம் 1320 கொடுத்து, பி10-இல் =பி8/5+பி9/600 என அமைத்தால் 5.6 மணி வரும். உலர்ந்த பாதையில், நிற்காமல் நடப்பவருக்கு இது. பனியில் நான் ஒன்றரையால் பெருக்கிக் கொள்வேன். எட்டரை மணி நேரம். மார்ச் முதல் பாதியில் அங்கே மாலை ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பத்து மணிக்கு மேல் கிளம்புகிறவர் இருட்டில்தான் இறங்குவார். அன்று நாங்கள் கிளம்பியது பத்தே முக்காலுக்கு.

மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். கம்ப்யூட்டரும் மொபைலும் தானாக மாற்றிக் கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. இந்தியாவிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கும் இது முக்கியம். ஐந்தரை மணியாக இருந்த நேர வித்தியாசம் அன்றிலிருந்து நாலரை ஆகிவிடும். ஏன் இன்னும் போன் வரவில்லை என்று பதறும் முன் இதைக் கணக்கில் எடுத்துக் கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவருக்கு இமெயில் அனுப்பிவிட வேண்டும். இப்போதெல்லாம் நான் அதை அம்மாவுக்கும் அனுப்புகிறேன். எக்ஸெல் தாளையும் அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். போன முறை நான் சொல்வதற்கு முன்பே, "மேலே மைனஸ் ஒன்பது வருதே, போகத்தான் வேணுமா?" என்று கேட்டுவிட்டார். அந்த வாரம் போகவில்லை.

மலையில் ஆபத்து என்றால் 999 அல்லது 112-க்கு போன் செய்து, போலீசைக் கேட்டு, அவர்களிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை. பேசும் அளவுக்கு சிக்னல் கிடைக்காத இடங்களில் சில நேரம் எஸ்.எம்.எஸ். மட்டும் போகும். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பிரிட்டன் சிம் உள்ள மொபைலிலிருந்து ரிஜிஸ்டர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து 999 என்ற எண்ணுக்கு அனுப்பினால், அடுத்து என்ன செய்வது என்று பதில் வரும். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே இதை முடித்துவிடவும்.